குதிரைக்கு ஸ்கேன் பார்க்க லாயத்துக்கே வரும் டாக்டர்: சோழவந்தான் பக்கத்து அனுபவம்

நாலு நட்சத்திரம். ஐந்தாவதை, போன் எடுக்காததற்காகப் பிடித்து வைத்திருக்கிறேன்.

மாடு, ஆடு பார்க்க மதுரையில் டாக்டருக்குப் பஞ்சமில்லை. குதிரை என்றால் லாடக் காயம், வயிற்றுவலி வரைக்கும் பார்ப்பவர்கள் உண்டு. சினைக்குதிரைக்கு ஸ்கேன் மெஷினைத் தூக்கிக்கொண்டு லாயத்துக்கே வருகிறவர் என்று நான் கண்டது இவர் ஒருவரைத்தான். பெயரையும் நம்பரையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கம் குதிரை வைத்திருப்பவர்களிடம் விசாரித்தால் கிடைக்கும்.

எனக்குக் கல்யாண சாரட்டு வண்டித் தொழில். நாலு குதிரை, அதில் ரெண்டு பெட்டை. மூத்தவள் பவுனு, அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் பிடித்தது. போன வருசம் மாசியில், ஒன்பதாம் மாதச் சினையில் குட்டி வீசிவிட்டாள். குதிரைக்குச் சினைக்காலம் பதினோரு மாதம், ஏறக்குறைய 340 நாள். 300 நாளுக்கு முன்னால் விழுந்தால் குட்டி தேறுவது அரிது. விடிகாலையில் போய்ப் பார்த்தால் வைக்கோலில் கிடக்கிறது. குளம்பு நுனியெல்லாம் வெள்ளையாக, ஊறிய நுங்கு மாதிரி மெத்தென்று இருந்தது. அம்மா கண்ணேறு என்றார். பக்கத்துத் தோட்டத்து மாமா வாய்க்காலில் விட்டுவிடச் சொன்னார்.

டாக்டருக்கு அடித்தேன். மூன்றாவது தடவை எடுத்தவர் கேட்ட முதல் கேள்வி: "நஞ்சுக்கொடி எங்க தம்பி?" அப்புறம் மளமளவென்று உத்தரவுகள். வாய்க்காலில் போடாதே. நாய் வாய் வைக்கக் கூடாது. வெறுங்கையால் தொடாதே. பவுனைத் தனியாகக் கட்டு. நான் சொல்லும் வரை ஒரு குதிரையும் வெளியே போகக் கூடாது. தல்லாகுளத்தில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு, அட்வான்ஸ் வாங்கியிருந்தேன். திருப்பிக் கொடுத்தேன். அப்போது அவர் மேல் எனக்குக் கோபம்தான்.

வந்தவர் உரச்சாக்கை விரித்து, நஞ்சுக்கொடியைத் தண்ணீர் ஊற்றி அலசி, அதன் மேல் பரப்பினார். பரப்பினால் அது கால்சட்டை மாதிரி இருக்கிறது, ரெண்டு காலும் இடுப்புமாக. மேலெல்லாம் சிவப்பு வெல்வெட். கருப்பை வாயை ஒட்டிய பக்கம் மட்டும் பழுப்பாக, தடித்து, பிசுபிசுவென்று. "வாசல் வழியா ஏறியிருக்கு" என்றார். ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஈ.கோலை மாதிரி பாக்டீரியா கீழேயிருந்து உள்ளே போய் நஞ்சுக்கொடியைப் புண்ணாக்கிவிடுமாம். ஹெர்பிஸ் வைரஸ் என்றால் வேறு கதை: முன்னறிகுறியே இல்லாமல் பொசுக்கென்று குட்டி விழும், பக்கத்தில் நிற்கும் சினைக்குதிரைகளுக்கும் தொற்றும். ஆனாலும் கண்ணால் பார்த்து வைரஸ் இல்லை என்று சொல்ல மாட்டேன் என்றார். என் சாரட்டை நிறுத்தி வைத்த காரணம் அப்போதுதான் புரிந்தது.

ஈரல், நுரையீரல், மண்ணீரல், நஞ்சுக்கொடி என்று துண்டு துண்டாக எடுத்து, ஒரு பங்கை ஐஸில் வைத்தார், ஒரு பங்கை, கெட்டுப்போகாமல் வைக்கும் ஃபார்மலினில் போட்டார். மிச்சத்தைச் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைக்க வைத்தார். ஐஸ் பெட்டி ஹரியானாவில் ஹிசாரில் இருக்கும் தேசிய குதிரையின ஆராய்ச்சி மையத்துக்குப் போக வேண்டியது. கூரியர்காரர்கள் வழியில் எந்தக் குடோனிலோ மூன்று நாள் போட்டு வைத்து, பெட்டி நாறிப்போனது. ஃபார்மலின் பாட்டில் மட்டும் ஒரு கால்நடைக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தது. ஈரலிலும் நுரையீரலிலும் வைரஸுக்கான அடையாளம் இல்லை, நஞ்சுக்கொடி அழற்சிதான் என்று அங்கிருந்து வந்தது. ரெண்டு பங்காக எடுக்கத் தெரிந்தவரிடம் போனதால் பிழைத்தேன்.

பவுனுக்குப் பின்பக்க அமைப்பு உள்வாங்கினாற்போல இருக்கும். லத்தி போடும்போது கீழே இருக்கும் பிறப்புறுப்பு வாயிலேயே விழுகிறது என்று காட்டினார். நான் ஏழு வருசமாக அந்தக் குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டுகிறேன், கவனித்ததில்லை. அந்த வாயின் மேல் பாதிக்கு மட்டும் தையல் போட்டார். அடுத்த பிரசவத்துக்கு முன்னால் பிரித்துவிட வேண்டும், மறந்தால் கிழிந்துவிடும்.

அடுத்து சித்ரா, இன்னொரு பெட்டை. அவளுக்கு ஏழாம் மாதத்திலிருந்து மாதாமாதம் ஸ்கேன். ஐப்பசியில், 282ஆம் நாள், மடி சுரக்க ஆரம்பித்தது. நான் சந்தோசப்பட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. இவ்வளவு சீக்கிரம் மடி இறங்கினால் உள்ளே ஏதோ கோளாறாம். ஆசனவாய் வழியாகக் கருவியை விட்டுத் திரையைக் காட்டினார். கருப்பைச் சுவரும் நஞ்சுக்கொடியும் சேர்ந்த தடிமன் அந்த நாளில் 8 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். சித்ராவுக்கு 11. அன்றே ஆன்டிபயாட்டிக், அழற்சிக்கு ஊசி, சினை நிற்க ஹார்மோன். 322ஆம் நாள் குட்டி போட்டாள். பெட்டை. சின்னதுதான், எழுந்து நிற்க மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டது. நின்றதும் நேரே பாலுக்குப் போய் முட்டியது.

செலவு? ஸ்கேன் ஒரு தடவைக்கு 1,500, பெட்ரோல் தனி. சித்ராவுக்கு மருந்தோடு சேர்த்து 19,000 சொச்சம் ஆனது. ஒரு குட்டியின் விலையோடு பார்த்தால் எனக்கு வலிக்கவில்லை. ஹெர்பிஸுக்குத் தடுப்பூசியும் ஏற்பாடு செய்கிறார், சினையில் 5, 7, 9 மாதங்களில். போட்டாலும் முழுக் காப்பு இல்லை, புதுக் குதிரை வாங்கினால் மூன்று வாரம் தள்ளிக் கட்டு என்று அவரே சொல்லிவிடுகிறார். அது எனக்குப் பிடித்தது.

பிடிக்காதது: பிரிண்ட் எடுத்த ரிப்போர்ட் கிடையாது. எல்லாவற்றையும் தினக்காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதித் தருவார். சித்ராவின் 11 மில்லிமீட்டர் ஒரு பிரதோச நாள் தாளில் இருக்கிறது. இன்சூரன்ஸ்காரர்களிடம் அதைக் காட்டிப் பாருங்கள்.

போன் விசயம்: காலை ஆறு மணிக்குள் அடியுங்கள். அதற்கு மேல் தோள் வரைக்கும் கையுறையை மாட்டிக்கொண்டு யார் வீட்டுக் குதிரைக்குப் பின்னாலாவது நிற்பார்.