எட்டே அமர்வில் குழு ஐபிடி: இலவசக் கையேடு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

மனச்சோர்வுக்கான குழு ஐபிடி (Interpersonal Therapy, உறவுகளையும் வாழ்க்கை நிகழ்வுகளையும் பேசி மனச்சோர்வைக் குறைக்கும் உளச்சிகிச்சை) கையேட்டை உலக சுகாதார நிறுவனமும் கொலம்பியா பல்கலைக்கழகமும் சேர்ந்து 2016-இல் வெளியிட்டன. இணையத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். உகாண்டா கிராமங்களில் 16 வாரம் நடத்திப் பார்த்த முறையின் வழி வந்தது. இதில் 8 அமர்வுதான். மனநல மருத்துவராக இல்லாதவரும் பயிற்சியும் மேற்பார்வையும் இருந்தால் நடத்தலாம்.

குழு தொடங்குமுன் ஒவ்வொருவரையும் தனியே சந்திக்கச் சொல்கிறது. நேரமில்லை என்று பலர் குறுக்குவது இதைத்தான். பின்னால் இடறுவதும் இதனால்தான். மனம் எப்போது சோர்ந்தது, அப்போது வாழ்க்கையில் என்ன நடந்தது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் இழப்பு, தகராறு, வாழ்க்கை மாற்றம், தனிமை ஆகிய நான்கில் எதைப் பிடிப்பது என்று தெரியும். புதியவர்கள் நான்கையும் டிக் அடித்துவிடுவார்கள். எட்டு அமர்வில் ஒன்றும் நகராது. ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு. முன்பு மேனியா (அளவுமீறிய உற்சாகமும் வேகமும் கொண்ட மனநிலை) வந்ததுண்டா என்பதையும் இங்கேயே கேட்டுவிட வேண்டும்.

கையேட்டின் உயிர் நடு அமர்வுகளில் இருக்கிறது. “அவர் எப்பவும் கத்துறாரு” என்று குழுவில் ஒருவர் சொன்னால், அதோடு விட்டுவிடக் கூடாது. கடைசியாக எப்போது? நீங்கள் முதலில் சொன்ன வார்த்தை என்ன? அவர் என்ன சொன்னார்? உங்களுக்கு அப்போது எப்படி இருந்தது? அவர் என்ன புரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தீர்கள்? இப்படி வரிவரியாகப் போனால், கேட்க நினைத்ததைக் குழுவில் பேசுபவர் வாய்விட்டுக் கேட்கவே இல்லை என்பது பெரும்பாலும் வெளிவரும். அதே பேச்சை வேறு விதமாகக் குழுவில் நடித்துப் பார்க்கலாம். நடத்துபவர் அறிவுரையில் இறங்கினால் குழு வாயை மூடிக்கொள்ளும். வீட்டில் அடிதடி என்றால் சமரசப் பேச்சுக்குத் தள்ளக் கூடாது, பாதுகாப்புதான் முதலில்.

அமர்வுதோறும் பிஹெச்க்யூ-9 (PHQ-9, மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவம்) போடுங்கள், ஆனால் கூட்டுத்தொகையோடு நிறுத்தாதீர்கள். மொத்த மதிப்பெண் இறங்கியிருந்தாலும் ஒன்பதாவது கேள்வி, அதாவது தற்கொலை எண்ணம், ஏறியிருக்கலாம்.

12 முதல் 16 அமர்வு போகும் தனிநபர் ஐபிடியைக் கற்க இது போதாது. குழு நடத்துபவருக்குத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம், கூடவே மேற்பார்வையாளர் இருந்தால். ஒரே குறை, எட்டு என்பது இறுக்கம்: குழு முடிந்து பிரிவதைப் பற்றிய பேச்சை ஆறாவதிலேயே எடுக்காவிட்டால், கடைசி நாளில் அழுகையும் புதுப் பிரச்சினையும் சேர்ந்தே வரும்.