முள்ளந்தண்டில் ‘சடக்’ ஒலி எழுப்பிப் பணம் வாங்குபவர்கள் குறித்து ஓர் எச்சரிக்கை

மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரையான கரையோர ஊர்களில் மண்டபங்களை வாடகைக்கு எடுத்து, முள்ளந்தண்டு மூட்டுகளைக் கையால் தள்ளிச் சரிசெய்யும் ‘கைரோபிராக்டிக்’ என்ற பெயரில் முதுகுவலிக்கும் கழுத்துவலிக்கும் சிகிச்சை அளிப்பதாக விளம்பரம் செய்துவரும் ஒருவரிடம் சென்றதால் என் தாயார் பல வாரங்கள் படுக்கையில் கிடந்து வேதனைப்பட்டார். எங்கள் முறைப்பாடு இன்னும் விசாரணையில் இருப்பதால் அவருடைய பெயரையும் அவர் நடத்தும் நிலையத்தின் பெயரையும் இங்கே எழுதவில்லை. ஆனால் அங்கே நடந்தது என்ன, அது ஏன் தவறு, இந்தச் சிகிச்சையை முறையாகச் செய்பவர் எப்படி நடந்துகொள்வார் என்பவற்றை, வயதான பெற்றோரை அழைத்துச் செல்ல எண்ணியிருப்பவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

அம்மாவுக்கு நெடுங்காலமாகத் தொய்வு வருத்தம் உண்டு. அதற்காகப் பல வருடங்கள் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை எடுத்தவர். முதுகின் நடுப்பகுதியில் வலி தொடங்கியபோது, முகநூலில் வந்த காணொளிகளைப் பார்த்த உறவினர் ஒருவர் கல்முனைப் பக்கம் நடந்த முகாமைப் பற்றிச் சொன்னார். அம்மாவுடன் நானும் போனேன். எந்த வைத்தியரிடம் போனாலும் எடுத்துச் செல்வதுபோல அன்றும் அம்மா தன் கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் உறையில் சுற்றி, கைப்பைக்குள் வைக்காமல் மடியிலேயே வைத்திருந்தார். முறை வந்ததும் அதை அவரிடம் நீட்டினார். “இது மருந்து வைத்தியம் இல்லை அம்மா, கொப்பியை நீங்களே வைச்சிருங்க” என்று சொல்லி, அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. என்ன வருத்தம், என்ன குளிசை, எப்போதாவது விழுந்தீர்களா, இரவில் வலிக்கிறதா, கால் விறைக்கிறதா என்று ஒரு கேள்வியும் இல்லை. அந்தக் கொப்பியின் முதற்பக்கத்திலேயே பிரெட்னிசலோன் என்று எழுதியிருந்தது. நீண்டகாலம் அதை எடுப்பவர்களுக்கு எலும்பின் அடர்த்தி குறையும் என்பது வைத்தியத்துறையில் யாவரும் அறிந்த அடிப்படை விடயம். அந்த ஒரு வரியைப் படித்திருந்தால், முறையாகப் பயின்ற எவரும் அம்மாவின் முதுகில் பலமாகக் கை வைத்திருக்கமாட்டார்.

அவர் பார்த்தது நாங்கள் கொண்டுபோன பழைய எக்ஸ்றே படத்தை மட்டுமே. அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பேனாவால் மூன்று இடங்களைச் சுட்டிக்காட்டி, மூன்று எலும்புகள் இடம் விலகியிருக்கின்றன, அவற்றை உடனே ‘பூட்டாவிட்டால்’ அம்மா படுத்த படுக்கையாகிவிடுவார் என்றார். மேசையில் இருந்த பிளாஸ்டிக் முள்ளந்தண்டை வளைத்துக் காட்டி நரம்பு எங்கே நசுங்குகிறது என்று விளக்கினார். அம்மாவின் முகம் வெளிறிப்போனது. எலும்பு சற்று விலகுவதால்தான் நோய்கள் வருகின்றன என்ற கருத்து, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டெவன்போர்ட் என்ற ஊரில் 1895இல் இந்த முறையைத் தொடங்கிய டி. டி. பாமரிடமிருந்து வந்தது. எல்லா நோய்களுக்கும் அதுவே காரணம் என்ற அந்தக் கொள்கைக்கு அறிவியல் ஆதாரம் கிடைக்கவில்லை, இன்று அத்துறையில் இருப்பவர்களிலேயே பலர் அதைக் கைவிட்டுவிட்டார்கள். அறுபது வயதைக் கடந்த யாருடைய எக்ஸ்றேயை எடுத்தாலும், வலியே இல்லாதவராக இருந்தாலும், தேய்வும் சிறு வளைவும் தென்படுவது வழமை. அதைக் காட்டி ஒரு முதியவரைப் பயமுறுத்துவதை வைத்தியம் என்று என்னால் ஏற்க முடியாது.

அச்சம் மாறுமுன்பே பணப் பேச்சு வந்தது. பத்துத் தடவைகளுக்கு 45,000 ரூபாய், முழுவதையும் முற்பணமாகக் கட்டினால் மட்டுமே அந்த விலை, தனித்தனியாக வந்தால் கூடும் என்று உதவியாளராக இருந்த பெண்பிள்ளை சொன்னார். பற்றுச்சீட்டுக் கேட்டதற்கு, வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொல்லிப் பணம் கிடைத்தது என்ற ஒரு வரியை மட்டும் அனுப்பினார்கள். பிறகு அம்மாவைக் குப்புறப் படுக்கவைத்து, ‘மூச்சை விடுங்க’ என்று சொன்ன கையோடு, இரண்டு உள்ளங்கைகளையும் முதுகின் நடுவில் வைத்து உடம்பின் பாரம் முழுவதும் இறங்கும்படி அழுத்தினார். சடக் என்ற ஒலி எனக்கும் கேட்டது. “கேட்டீங்களா, எலும்பு பூட்டிட்டுது” என்றார். அம்மா வலியில் கத்தியதை அவர் பொருட்படுத்தவில்லை. உடம்பில் தேங்கிய நச்சு வெளியேறுகிறது, இரண்டு நாளில் சரியாகிவிடும், வலிக்குளிசை எதுவும் போடக்கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த ஒலியைப் பற்றி விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இவர்கள் உண்மையில் விற்பது அதைத்தான். மூட்டுகளுக்குள் வழுவழுப்பான ஒரு திரவம் இருக்கிறது, அதில் வாயுக்கள் கரைந்திருக்கின்றன. மூட்டின் இரு பக்கங்களும் சட்டென்று விலகும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, சோடாப் போத்தலைத் திறந்ததும் வாயு குமிழாக வருவதுபோல அங்கும் ஒரு வாயுக் குமிழ் உண்டாகிறது. விரல் மூட்டில் நெட்டி முறிப்பதை எம்ஆர்ஐ கருவியினுள் வைத்துப் பதிவு செய்த கனடாவின் அல்பேர்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அந்தக் குமிழ் உண்டாகும் கணத்திலேயே ஒலி எழுவதை 2015இல் காட்டினார்கள். ஒருமுறை முறித்த விரலில் இருபது நிமிடம் போகாமல் மறுபடி நெட்டி வராததும் இதனால்தான். ஆகவே, ஒலி எழுந்ததை வைத்து எலும்பு இடத்துக்கு வந்துவிட்டது என்று சொல்ல முடியாது, ஒலி எழாமல் போனால் சிகிச்சை தவறிவிட்டது என்றும் சொல்ல முடியாது. காணொளிகளில் ஒலிவாங்கியை முதுகுக்கு அருகே பிடித்து அந்தச் சத்தத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதால் வைத்தியத்தின் தரம் ஒரு சிறிதும் உயர்வதில்லை.

வீடு வந்த பிறகு அம்மாவால் கட்டிலில் புரண்டு படுக்க முடியவில்லை, இருமினால் உயிர் போகும் வலி. அந்த நபருக்கு அழைப்பெடுத்தால் இரண்டாவது தடவைக்கு வந்தால் சரியாகும் என்றே திரும்பத் திரும்பச் சொன்னார். நாங்கள் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போனோம். அங்கே வைத்தியர் முதலில் செய்த காரியம் கிளினிக் கொப்பியை வாங்கிப் படித்ததுதான். புதிதாக எடுத்த எக்ஸ்றேயில், முதுகின் நடுப்பகுதியில் ஒரு எலும்பு நசுங்கி முன்பக்கம் உயரம் குறைந்திருந்தது. அந்த அழுத்தத்தால்தான் அது நசுங்கியது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஏற்கெனவே சிறிதாக நொறுங்கியிருந்து வலியைத் தந்திருக்கவும் கூடும் என்று அவர் நேர்மையாகச் சொன்னார். எப்படியிருந்தாலும், எலும்பு நொய்தாகியிருக்கக்கூடிய ஒருவருடைய முதுகில் அப்படி அழுத்தியது பெருந்தவறு என்பதையும் சொன்னார். நரம்புக்குப் பாதிப்பு இல்லாதது எங்கள் நல்ல காலம். இப்போது எலும்பு அடர்த்திக்கான மருந்தும், பிசியோதெரபிப் பிரிவில் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளுமாக அம்மா மெல்ல மெல்ல நடமாடுகிறார்.

இந்த முறையே முழுப் பொய் என்று நான் சொல்லவில்லை. சாதாரண நாரிப்பிடிப்புக்கு, பயிற்சி பெற்றவர் முள்ளந்தண்டு மூட்டுகளைக் கையால் அசைத்துக் கொடுப்பது ஓரளவு பயன் தருவதாகவும், அந்தப் பயன் உடற்பயிற்சி போன்ற ஏனைய முறைகளைவிடப் பெரிதல்ல என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டல், மருந்தில்லாத வழிகளில் ஒன்றாக இதையும் குறிப்பிடுகிறது. பிரித்தானியாவின் 2016 வழிகாட்டலோ, உடற்பயிற்சியோடு சேர்த்துச் செய்தால் மட்டும் பரிசீலிக்கலாம் என்கிறது. திடீரென்று பிடித்த நாரிவலி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும் என்பதையும் நினைவில் வைத்திருப்பது நல்லது. பத்துத் தடவைகளுக்கு முன்கூட்டியே பணம் வாங்குபவர், உடம்பு தானாகச் செய்ததைத் தன் கையின் கெட்டித்தனமாகக் காட்ட அது இடம் கொடுக்கிறது. நீரிழிவு, தொய்வு, குழந்தையின்மை எல்லாவற்றையும் முதுகெலும்பைச் சரிசெய்து மாற்றுவதாகச் சொல்பவரை எந்த ஆய்வும் ஆதரிக்கவில்லை.

முறையாகப் படித்தவரிடம் போனால் முதற்சந்திப்பின் பெரும்பகுதி கேள்விகளிலும் பரிசோதனையிலுமே கழியும். வலி எப்போது தொடங்கியது, எங்கே பரவுகிறது, காய்ச்சலோ காரணமில்லாத உடல் மெலிவோ உண்டா, புற்றுநோய் இருந்ததா, இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுக்கிறீர்களா என்று கேட்பார். காலை நேராக உயர்த்திப் பார்ப்பார், முழங்காலில் தட்டிப் பார்ப்பார், பாதத்தின் உணர்வைச் சோதிப்பார். என்ன செய்யப்போகிறேன், என்ன ஆபத்து உண்டு, வேறு என்ன வழி இருக்கிறது என்று விளக்கி உங்கள் சம்மதத்தைக் கேட்பார். வேண்டாம் என்றால் கோபிக்கமாட்டார். அதன் பிறகுதான் மூட்டை அது போகக்கூடிய எல்லைவரை மெதுவாகக் கொண்டுபோய், அங்கிருந்து மிகக் குறுகிய தூரத்துக்கு, கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு தள்ளல் கொடுப்பார். அதில் வேகம் உண்டு, உடம்பின் பாரம் முழுவதையும் இறக்கும் வேலை இல்லை. முதியவர்களுக்கு அந்தத் தள்ளலையும் தவிர்த்து மெல்ல அசைக்கும் முறைகளைப் பயன்படுத்துவார். மறுநாள் இலேசான நோவும் இறுக்கமும் தலையிடியும் பலருக்கு வருவதுண்டு, அது ஓரிரு நாளில் போய்விடும். கடும் வலிக்கு ‘நச்சு வெளியேறுகிறது’ என்று விளக்கம் சொல்பவரிடம் மீண்டும் போக வேண்டாம். சில தடவைகளில் முன்னேற்றம் இல்லாவிட்டால் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் அனுப்புவதே ஒழுங்கான நடைமுறை. நம்மூர் முறிவு நெரிவு வைத்தியர்களில் அனுபவமுள்ளவர்கள்கூட, எண்ணெய் போடுமுன் எப்படி விழுந்தீர்கள் என்று விசாரித்துத் தடவிப் பார்த்து, சந்தேகம் வந்தால் படம் எடுத்து வரச் சொல்வதை நான் சிறுவயதில் கண்டிருக்கிறேன்.

கழுத்தைப் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும். எங்களுக்கு முன்னே இருந்த ஓர் இளைஞன் இடுப்புவலி என்று வந்திருந்தான், அவனுடைய கழுத்தையும் கேளாமலே இரு பக்கமும் சட்டென்று திருப்பினார். கழுத்தெலும்புகளின் வழியே மூளைக்குப் போகும் இரத்தக்குழாயின் உட்சுவர் இப்படியான திருப்பலைத் தொடர்ந்து கிழிந்து, பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. அரிதானதே ஆயினும் உயிரையே வாங்கக்கூடியது. கழுத்தில் கை வைத்த பிறகு, முன்பில்லாத கடும் தலையிடி, தலைச்சுற்று, இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், நடையில் தள்ளாட்டம் எதுவும் வந்தால் காத்திருக்காமல் 1990 அம்புலன்சை அழையுங்கள், அது இலவச சேவை. நாரியில் செய்த பிறகு சிறுநீர் போகாமல் அடைத்தாலோ, கட்டுப்பாடின்றிப் போனாலோ, தொடைகளுக்கு நடுவில் உணர்வு மரத்தாலோ, கால் பலமிழந்தாலோ அதுவும் அதே அவசரம்தான்.

அம்மாவுக்குச் சிகிச்சை அளித்தவரின் சுவரில் சட்டமிட்ட சான்றிதழ் ஒன்று தொங்கியது. பின்னர் நான் எடுத்திருந்த படத்தைப் பெருப்பித்து வாசித்தபோது, அது வெளிநாடொன்றில் வார இறுதியில் நடந்த பயிலரங்கில் பங்குபற்றியதற்கான சான்று மட்டுமே என்று தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட வழிகாட்டலில், கைரோபிராக்டிக்கை முழுநேரமாகக் கற்பதென்றால் குறைந்தது 4,200 மணித்தியாலங்கள், அவற்றில் 1,000 மணித்தியாலங்களுக்குக் குறையாமல் மேற்பார்வையின்கீழ் நோயாளரைப் பார்க்கும் பயிற்சி என்று குறிப்பிடப்பட்டிருக்கிறது. பிரித்தானியாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவில்லாமல் ‘கைரோபிராக்டர்’ என்ற தொழிற்பெயரையே ஒருவர் பயன்படுத்த முடியாது. இங்கே ஒருவர் உங்கள் முள்ளந்தண்டைத் தொடுமுன், எந்தப் பதிவில் உங்கள் பெயர் இருக்கிறது என்று கேளுங்கள். வைத்தியர்களும் பிசியோதெரபி நிபுணர்களும் இலங்கை மருத்துவ சபையிலும், சித்த, ஆயுர்வேத வைத்தியர்கள் ஆயுர்வேத மருத்துவ சபையிலும் பதிவு பெற்றிருப்பார்கள். பதிவிலக்கத்தைச் சொல்லத் தயங்குபவரிடம் உடம்பைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

பணத்தைத் திருப்பித் தர அவர் மறுத்துவிட்டார். பயன்படுத்தாத தடவைகளுக்குரிய தொகையாவது கேட்டபோது, வேறு யாராவது உறவினரை அனுப்புங்கள் என்றார். நுகர்வோரின் முறைப்பாடுகளை விசாரிக்க, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. அந்தச் சபையிடம் எழுத்து மூலம் முறையிட்டிருக்கிறோம், வாட்ஸ்அப் செய்தியும் இரு எக்ஸ்றேகளின் பிரதிகளும் வைத்தியசாலைக் குறிப்பும் அதனுடன் இணைக்கப்பட்டுள்ளன. இதே நபரிடம் பணம் கட்டியவர்கள் இந்தக் கரையோரத்தில் இன்னும் பலர் இருப்பார்கள். சேவையைப் பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச்சேர வேண்டும் என்பதால், கையில் உள்ள செய்திகளையும் விளம்பரப் படங்களையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து எங்கே, எப்படிக் கொடுப்பது என்று இன்றே விசாரியுங்கள்.