பன்னிரண்டு பெருசா, பத்து பெருசா?

சுங்கை சிப்பூட்டில் எங்கள் தாமானுக்கு வெளியே இருக்கும் ஒட்டுக்கடையில் சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்தால் பந்து விளையாட்டு பற்றிப் பேசுவார்கள், இல்லையென்றால் டிவியில் மாட்டி விளையாடும் பெட்டிகளில் எது பெருசு, சோனியின் பிளேஸ்டேஷன் 5-ஆ மைக்ரோசாப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸா என்று அடித்துக்கொள்வார்கள். இரண்டும் 2020 நவம்பரில் ஒரே வாரத்தில் வெளிவந்தவை, சண்டை இன்னும் ஓயவில்லை. சீரிஸ் எக்ஸ் வைத்திருக்கும் தம்பி ஒருவன் வாயைத் திறந்தாலே "பன்னிரண்டு டெராஃபிளாப்ஸ்ணே" என்பான்.

விநாடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்குப் போடும் என்பதுதான் டெராஃபிளாப்ஸ். சரி, அந்தக் கணக்கையே பார்ப்போம். சீரிஸ் எக்ஸின் கிராஃபிக்ஸ் சிப்பில் 52 கணக்குப் பிரிவுகள், வேகம் 1.825 கிகாஹெர்ட்ஸ். பிளேஸ்டேஷனில் 36தான், ஆனால் 2.23 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடும். ஒவ்வொரு பிரிவிலும் 64 ஷேடர்கள், ஒவ்வொரு ஷேடரும் ஒரு துடிப்புக்கு இரண்டு கணக்குப் போடும் என்று வைத்துப் பெருக்கினால் சீரிஸ் எக்ஸுக்கு 12.15 டெராஃபிளாப்ஸ் வரும், பிளேஸ்டேஷனுக்கு 10.28. அவ்வளவுதான் விஷயம். எல்லாப் பிரிவும் சும்மா இருக்காமல் வேலை செய்தால் கிடைக்கும் உச்சம் அது. என் தாத்தா பால்மரம் சீவியவர். நிரையில் எத்தனை பேர் நின்றார்கள் என்று அவர் கேட்டிருக்க மாட்டார், பால் நிறுக்கும்போது எவ்வளவு வந்தது என்றுதான் கேட்டிருப்பார்.

சோனி கட்சியும் லேசுப்பட்டதில்லை. அவர்கள் பிடித்துக்கொண்டிருப்பது விளையாட்டைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டியின் வேகம்: விநாடிக்கு 5.5 கிகாபைட், எக்ஸ்பாக்ஸுக்கு 2.4. கேட்க இரண்டு மடங்குக்கு மேல்தான். ஆனால் ஒரே பந்து விளையாட்டை இரண்டிலும் போட்டுப் பார்த்தேன், இரண்டு மூன்று விநாடி வித்தியாசம் இருந்திருக்கும், அதற்குள் தே தாரிக்கை ஒரு வாய் குடிக்கலாம். ஆடும்போது சிப் கைக்கெட்டும்படி வைத்துக்கொள்ளும் மெமரி இரண்டிலும் 16 கிகாபைட். சோனி முழுவதையும் விநாடிக்கு 448 கிகாபைட் வேகத்தில் கொடுக்கிறது. மைக்ரோசாப்ட் 10 கிகாபைட்டை 560-இலும் மீதி 6-ஐ 336-இலும் பிரித்துவிட்டது, அதாவது எதை எங்கே வைப்பது என்ற தலைவலி விளையாட்டு எழுதுபவனுக்கு.

நிஜமாகவே உதைக்கும் எண் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி ஒட்டுக்கடையில் யாரும் பேசுவதில்லை. சீரிஸ் எக்ஸின் தம்பியாக, விலை குறைவென்று பலர் வாங்கிய எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்ஸில் மெமரி 10 கிகாபைட்தான். 2023-இல் பால்டர்ஸ் கேட் 3 என்ற விளையாட்டு பிளேஸ்டேஷனுக்கு செப்டம்பரில் வந்தது, எக்ஸ்பாக்ஸுக்கு டிசம்பரில்தான். திரையை இரண்டாகப் பிரித்து இருவர் ஆடும் வசதியை சீரிஸ் எஸ்ஸில் ஓட்ட முடியாமல் அப்போது அதில் மட்டும் அந்த வசதியை விட்டுவிட்டார்கள், 2025-இல்தான் சேர்த்தார்கள். டெராஃபிளாப்ஸ் குறைந்தால் படத்தின் கூர்மையைக் குறைத்துச் சமாளிக்கலாம், மெமரி போதாவிட்டால் அந்த வித்தை எல்லா இடத்திலும் பலிக்காது.

விளையாட்டுகளைச் சேமிக்கும் இடம் விஷயத்தில் சீரிஸ் எக்ஸ் முன்னே: பெட்டியைத் திறந்ததும் 802 கிகாபைட் கிடைக்கும், பிளேஸ்டேஷனின் முதல் மாடலில் 667. ஆனால் இடம் தீர்ந்தால் பிளேஸ்டேஷனுக்கு ஈப்போவில் ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் கடையில் பொருத்தமான எம்.2 எஸ்எஸ்டி வாங்கி நாமே ஸ்குரூ போட்டுக்கொள்ளலாம். எக்ஸ்பாக்ஸில் அதே வேகம் வேண்டுமென்றால் அதற்கென்றே செய்த கார்டுதான். தெரியாத்தனமாக வேறெதையோ ஆர்டர் பண்ணி நாற்பது வெள்ளி தண்டம் அழுதவன் நான்.

என்னைக் கேட்டால் டிஸ்க் போடும் பிளேஸ்டேஷன். காரணம் சிப்பே இல்லை. எங்கள் லயத்துப் பழைய கூட்டாளிகளுக்குள் ஒரே டிஸ்க் ஆறு வீடு சுற்றும், ஒருவன் முடித்ததும் அடுத்தவன் மோட்டாரில் வந்து எடுத்துப் போவான். சீரிஸ் எஸ்ஸில் டிஸ்க் போட இடமே கிடையாது. சீரிஸ் எக்ஸில் உண்டுதான், ஆனால் இங்கே அது வைத்திருப்பது அந்தத் தம்பி ஒருவன், அவன் யாரோடு டிஸ்க் மாற்றுவான்?

போன தீபாவளிக்கு அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். பன்னிரண்டு டெராஃபிளாப்ஸும் அவன் அப்பா வாங்கிய பழைய 32 அங்குல 720பி டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றும் சொல்லவில்லை, முறுக்கைக் கடித்துக்கொண்டே இன்னொரு கன்ட்ரோலரை எடுத்தேன். மூன்றுக்கு ஒன்று, நான்தான் தோற்றேன்.