தொப்பூர் இறங்கும் முன் எந்தத் தும்மல் மாத்திரை?

என் அண்ணன் பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி ஏற்றி, ராத்திரியோடு ராத்திரியாகச் சேலத்துக்கும் கோயம்புத்தூருக்கும் கொண்டுபோய் இறக்குகிறவர். கார்த்திகை பிறந்ததும் அவருக்குத் தும்மல் ஆரம்பித்துவிடும். அடுக்கடுக்காகப் பத்துப் பன்னிரண்டு தும்மல், தண்ணீராக ஒழுகும் மூக்கு, கண்ணில் அரிப்பு. மாசி வரை விடாது. எனக்கும் அதே தொந்தரவுதான். நான் கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினான்கு வருடமாக நர்ஸ். சிபிஎம், செட்ரிசின், லீவோசெட்ரிசின் என்று அலர்ஜி மாத்திரைகளை வருடக்கணக்கில் போட்டுப் பார்த்துவிட்டு, போன வருடம் டாக்டரிடம் கேட்டு இரண்டு பேருமே ஃபெக்ஸோஃபெனடினுக்கு மாறினோம். வார்டிலிருந்து வீட்டுக்குப் போகிறவர்கள் "சிஸ்டர், மூக்கு ஒழுகினா எந்த மாத்திரை நல்லது?" என்று கேட்காத வாரம் இல்லை. அங்கே நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில், உங்களுக்கு வந்திருப்பது சளியா அலர்ஜியா என்று பாருங்கள். வைரஸ் சளி தொண்டைக் கரகரப்பு, உடம்பு வலி, லேசான காய்ச்சலோடு வரும். ஏழு முதல் பத்து நாளில் தானே போய்விடும். ஆன்டிபயாடிக் அதற்கு வேலை செய்யாது. அலர்ஜியில் காய்ச்சல் இருக்காது, அரிப்பு இருக்கும், அதே மாதத்தில் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வரும். எங்கள் பக்கம் தரிசு நிலமெல்லாம் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியத்தின் மகரந்தம் ஒன்றே போதும். நான் ஒப்பிடுவது அலர்ஜி மூக்குக்கான மருந்துகளை. வெறும் சளி என்றால் உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவுவது, காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், ஓய்வு, அவ்வளவுதான்.

சிபிஎம் பழைய தலைமுறை மருந்து. முழுப்பெயர் குளோர்பெனிரமின். அவில் மாத்திரையும் இதே குடும்பம்தான். விலை மிகக் குறைவு, ஒழுகும் மூக்கைச் சீக்கிரம் உலர்த்திவிடும். அதே உலர்த்தும் குணம்தான் வாயை வறட்டுகிறது, மலச்சிக்கல் கொடுக்கிறது. ப்ராஸ்டேட் வீக்கம் இருந்த ஒரு பெரியவர் மூன்று நாள் சளி மாத்திரை போட்டுவிட்டு, சிறுநீர் அடைத்துக்கொண்டு துடித்தபடி எங்களிடம் வந்தார். சிறுநீரை வெளியேற்றும் கதீட்டர் குழாய் போட்ட பிறகுதான் அவருக்கு முகம் தெளிந்தது. கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் இது ஆகாது. கடையில் "சளி மாத்திரை" என்று கேட்டால் கொடுப்பது பெரும்பாலும் சிபிஎம், பாராசிட்டமால், ஃபினைலெஃப்ரின் மூன்றும் கலந்தது. அதைப் போட்டுக்கொண்டு காய்ச்சலுக்குத் தனியாகவும் பாராசிட்டமால் போட்டால் இரட்டை அளவாகிவிடும். ஃபினைலெஃப்ரினை மாத்திரையாக விழுங்கினால் மூக்கடைப்பு குறைவதில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் நிபுணர் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாகவே சொல்லிவிட்டது. அட்டையின் பின்னால் இருக்கும் பெயர்களைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

செட்ரிசின் 10 மி.கி., அதன் தம்பி லீவோசெட்ரிசின் 5 மி.கி. இரண்டும் அடுத்த தலைமுறை. ஒரு மாத்திரை ஒரு நாளைக்குக் காணும், தும்மலையும் அரிப்பையும் நன்றாகவே அடக்கும், விலையும் கையைக் கடிக்காது. வீட்டில் இருப்பவர், ராத்திரி போட்டுவிட்டு எட்டு மணி நேரம் தூங்க முடிந்தவர் என்றால் இதை விட்டு மாறத் தேவையில்லை. நானே பல வருடம் இதில்தான் இருந்தேன்.

மாறியதற்குக் காரணம் தூக்கம். "எனக்கு இது போட்டா தூக்கம் வராது சிஸ்டர், பழகிப்போச்சு" என்று சொல்கிறவர்களுக்காகவே இந்தப் பகுதியைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை டியூட்டியில், முந்தைய இரவு செட்ரிசின் போட்டிருந்தேன், தூக்கக் கலக்கம் தெரியவே இல்லை. மருந்து ட்ரேயை எடுத்துக்கொண்டு ஆறாம் பெட்டுக்குப் போய் ஊசியைக் கையில் எடுத்துவிட்டேன். கூட இருந்த ஜூனியர் பெண், "அக்கா, அது எட்டாம் பெட்டுக்கு" என்றாள். ஒரு நொடி எனக்கு அவள் சொன்னது புரியவே இல்லை. ஊசி போகவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று முழுக்கக் கை நடுங்கியது. களைப்பாகவும் இருக்கலாம், மாத்திரைதான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. அதற்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன்.

2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஐயோவாவில், கார் ஓட்டுவதுபோல் அமைத்த கருவியில் ஆட்களை உட்கார வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சிபிஎம் போலப் பழைய தலைமுறையைச் சேர்ந்த டைஃபென்ஹைட்ரமின், ஃபெக்ஸோஃபெனடின், மது, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை என்று நான்கையும் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு நாளில் கொடுத்தார்கள். மதுவின் அளவு ரத்தத்தில் 0.1 சதவீதம். நம் மோட்டார் வாகனச் சட்டம் வைத்திருக்கும் வரம்போ 100 மில்லி ரத்தத்தில் 30 மி.கி. அதாவது சோதனையில் கொடுத்த மது அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். பழைய மாத்திரை போட்டவர்கள் அந்த மது குடித்தபோது ஓட்டியதைவிட மோசமாக ஓட்டினார்கள். ஃபெக்ஸோஃபெனடின் போட்டபோது வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அடுத்த விஷயம்தான்: யாருக்குத் தூக்கம் வருவதாகத் தோன்றியதோ அதை வைத்து யார் மோசமாக ஓட்டுவார் என்று கணிக்க முடியவில்லை. தூக்கமே வரவில்லை என்று உண்மையாகவே நம்புகிறவரின் கையும் பிந்தலாம்.

செட்ரிசின் அவ்வளவு மோசமில்லை. மருந்துச் சோதனைகளில் 10 மி.கி. போட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 14 பேர் தூக்கம் வருவதாகச் சொன்னார்கள், வெற்று மாத்திரையில் 6 பேர். ஆனாலும் அமெரிக்க விமானிகள் ஃபெக்ஸோஃபெனடின் போட்டுக்கொண்டு விமானம் ஓட்ட அனுமதி உண்டு, செட்ரிசினுக்கு இல்லை. விமானம் ஓட்டுகிறவருக்கு அந்தக் கவனம் வேண்டும் என்றால், பாரம் ஏற்றிக்கொண்டு தொப்பூர் கணவாயில் இறங்குகிறவருக்கும் வேண்டும். தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது அந்த இறக்கத்தில் எத்தனை வண்டிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகிற வண்டியில் மோதியிருக்கின்றன என்பது இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அரை நொடி பிந்தினால் என்ன ஆகும் என்று அண்ணனிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, "சரிம்மா, எந்த மாத்திரைன்னு எழுதிக் குடு" என்றார்.

ஃபெக்ஸோஃபெனடின் மூளைக்குள் அநேகமாகப் போவதே இல்லை, அதனால்தான் இந்தத் தெளிவு. எங்கள் இருவருக்கும் டாக்டர் எழுதியது தினம் 120 மி.கி. ஒன்று. இதிலும் குறைகள் உண்டு. செட்ரிசினைவிட விலை பல மடங்கு. கம்பெனிப் பெயர் இல்லாத ஜெனரிக் மாத்திரை கேட்டு மக்கள் மருந்தகத்தில் வாங்கினால் சுமை குறையும். ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோடு விழுங்கினால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது, வெறும் தண்ணீர்தான். நெஞ்செரிச்சலுக்கு அலுமினியம், மெக்னீசியம் கலந்த ஜெல் குடிப்பவர்கள் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடவேண்டும். அண்ணனுக்கு முதல் வாரம் மாத்திரை வேலையே செய்யவில்லை. விசாரித்தால், வழியில் ஜூஸ் கடையில் நிறுத்தி அதோடு விழுங்கியிருக்கிறார். அப்புறம் தண்ணீருக்கு மாறினார், தும்மல் அடங்கியது. அரிப்பை அடக்குவதில் எனக்குச் செட்ரிசின் ஒரு பிடி கூடுதலாகத் தோன்றும். வைரஸ் சளியில் ஒழுகும் மூக்குக்கு ஃபெக்ஸோஃபெனடின் அநேகமாகப் பயன்படாது, ஏனென்றால் சிபிஎம்மின் உலர்த்தும் குணம் இதற்கு இல்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் செட்ரிசின், ஃபெக்ஸோஃபெனடின் எதுவானாலும் டாக்டரிடம் அளவு கேட்டே போடவேண்டும்.

மூக்கடைப்புதான் பெரிய தொந்தரவு என்றால் எந்த மாத்திரையையும்விட ஃப்ளூட்டிகசோன் போன்ற ஸ்டீராய்டு ஸ்ப்ரே மேல். தூக்கமும் வராது. முழுப் பலன் தெரியச் சில நாட்கள் பிடிக்கும், தினமும் அடிக்கவேண்டும். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை, முனை நடுச்சுவரைப் பார்க்காமல் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கட்டும். நடுச்சுவரில் அடித்தால் ரத்தம் கசியும். நான் இரண்டு மாதம்தான் அடித்தேன், அதனால் நீண்ட நாள் அனுபவம் என்று என்னிடம் இல்லை. அடைப்பை உடனே திறக்கும் ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்து வேறு. அதை ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்து போட்டால் மூக்கு அதற்குப் பழகி முன்னைவிட மோசமாக அடைக்கும்.

லீவோசெட்ரிசினோடு, ஆஸ்துமாவுக்கும் கொடுக்கும் மான்டெலுகாஸ்ட் என்ற மருந்து சேர்ந்த மாத்திரையை நிறைய பேர் பழைய சீட்டை வைத்தே வாங்கிப் போடுகிறார்கள். மான்டெலுகாஸ்டால் மனச்சோர்வு, கெட்ட கனவு, தற்கொலை எண்ணம் வரலாம் என்று 2020-இல் அமெரிக்காவில் அட்டையிலேயே பெட்டி கட்டி எச்சரிக்கை போட வைத்தார்கள். வெறும் தும்மலுக்கு அது வேண்டாம்.

குழந்தைகள் வார்டில் நான் இருந்தது ஆறு மாதம்தான். ஆனால் ஒன்று நிச்சயம்: நான்கு வயதுக்குக் கீழே சிபிஎம், ஃபினைலெஃப்ரின் கலவை கூடாது என்று 2023 டிசம்பரிலேயே நம் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் உத்தரவு போட்டுவிட்டது. கர்ப்பிணிகள் எதையும் தாங்களாகப் போடாமல் டாக்டரைக் கேளுங்கள், அவர்களுக்கு நீண்ட காலம் பயன்பாட்டில் இருக்கும் செட்ரிசினையே பல டாக்டர்கள் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன்.

எந்த மாத்திரைக்கு மாறினாலும் முதல் மாத்திரையை லீவு நாளில் போட்டுப் பாருங்கள். மூச்சிரைப்பு, நெஞ்சில் விசில் சத்தம், மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல், ஒரு பக்க மூக்கில் மட்டும் அடைப்போ ரத்தமோ இருந்தால் மாத்திரையை மாற்றிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள். அண்ணனுக்கு இந்தக் கார்த்திகைக்கு இரண்டு வாரம் முன்பே ஸ்ப்ரேயையும் ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். வண்டியில் ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டிலும் மாத்திரை அட்டையும் நானே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.