சீறலும் உறுமலும்: பழைய கார்புரேட்டரின் மூச்சை அடக்க எது தேவலை?

1909 முதல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் செய்த டெய்ம்லர் கார்களில் சார்லஸ் நைட் என்ற அமெரிக்கரின் ஸ்லீவ் வால்வு இன்ஜின் (வழக்கமான வால்வுகளுக்குப் பதில் வழுக்கி நகரும் உறைகள் கொண்டது) வந்தது. வால்வுகளின் டகடகவை ஒழிப்பதுதான் நோக்கம். ஆனால் ஒரு சத்தம் அடங்கினால் அதற்கு அடியில் கிடந்தது காதில் விழும். அதில் முக்கியமானது, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் காற்றை இழுக்கும் சத்தம்.

அது இரண்டு வகை. காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் மடலான த்ராட்டில் பாதி மூடியிருக்கும்போது இடுக்கில் காற்று பாய்ந்து எழுப்பும் சீறல் ஒன்று. த்ராட்டிலை முழுக்கத் திறந்ததும் ஒவ்வொரு சிலிண்டரும் காற்றைக் குடிக்கும் உறுமல் மற்றொன்று. ஒன்றுக்குக் கேட்கும் மருந்து மற்றதற்குக் கேட்காது.

காற்று நுழையும் வாயில் எதையெல்லாம் பொருத்தலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கம்பி வலையை விட்டுவிடலாம். குப்பையைத் தடுக்கும், சத்தத்தைப் பெரிதாகக் குறைக்காது.

ஃபோர்டு மாடல் டி-யில் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் பக்கத்திலிருந்து சூடான காற்றைக் கொண்டுவர ஒரு குழாய் உண்டு. பெட்ரோல் நன்றாக ஆவியாகட்டும் என்று வைத்தது. இப்படி ஒரு குழாய் இருந்தால் சீறலும் கொஞ்சம் மங்கும். ஆனால் காற்று 20 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குச் சூடானால் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறையும். அந்த அளவு சக்தியும் போகும்.

ஃபெல்ட் (அழுத்திய கம்பளித் துணி) திணித்த உறை சீறலுக்கு அருமையான மருந்து. உறுமலிடம் அதன் பாச்சா பலிக்காது. தவிர, இன்ஜினின் தீ கார்புரேட்டர் வழியாகத் திரும்பி வெடித்தால் பெட்ரோலில் நனைந்த ஃபெல்ட் தீப்பிடிக்கும். எனக்கு இதில் பயம்தான்.

உறுமலுக்கு என்ன செய்வது? நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடினால் நொடிக்கு 50 துடிப்பு. அதை ஒரு முனை மூடிய கிளைக் குழாயால் விழுங்க வேண்டுமானால் 1.7 மீட்டர் நீளம் வேண்டும். பானட்டுக்குள் எங்கே வைப்பது? ஜெர்மன் இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸின் பெயரில் வழங்கும் குறுகிய கழுத்துக் குடுவை சிறிய இடத்தில் அதே வேலையைச் செய்யும். காலி பாட்டில் வாயில் ஊதினால் ஒரே சுரம் வருமே, அந்தக் கணக்குதான். ஆனால் அது அடக்குவதும் அந்த ஒரு சுரத்தைத்தான். கார் வேகம் மாறினால் உறுமல் திரும்பிவிடும்.

ஆகவே என் ஓட்டு, நீண்ட குழாயும் பெரிய தகர அறையும் சேர்ந்த அமைப்புக்கு. ஒரு சிலிண்டரின் கொள்ளளவைப் போலப் பல மடங்கு பெரிய அறை இருந்தால் துடிப்புகள் உள்ளேயே தணிந்துவிடும், எந்த வேகமானாலும் ஓரளவு வேலை செய்யும். தகடு மட்டும் கெட்டியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அறையே தவில் அடிக்கும். சீறல் மிச்சமிருந்தால் அறையின் வெளிவாயில் மெல்லிய ஃபெல்ட் வைக்கலாம். கார்புரேட்டரிலிருந்து தள்ளி இருப்பதால் அங்கே ஆபத்து குறைவு.

ஒரு விஷயம். எதைப் பொருத்தினாலும் காற்றுக்கு ஓரளவு தடை வரும். கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் மிதவை அறை வெளிக்காற்றுக்குத் திறந்திருந்தால் அங்கே அழுத்தம் மாறாது, காற்று பாயும் குறுகிய தொண்டையில் மட்டும் குறையும். பெட்ரோல் கூடுதலாக உறிஞ்சப்பட்டுக் கரும்புகை வரும். அந்தத் தகர அறையிலிருந்து மிதவை அறைக்கு ஒரு சிறிய குழாய் இழுத்துவிட்டால் சரியாகிவிடும்.