பில்லில் இருந்த ஃபிளஷிங் வண்டியில் இல்லை

ரேடியேட்டர் மாற்றும்போது கூலிங் சிஸ்டம் முழுவதையும் கழுவியதாக 1,200 ரூபாய் பெற்றுக்கொண்டு, கழுவாமலேயே வண்டியைத் திருப்பித் தந்த ஒரு பட்டறையால் எனக்கு நேர்ந்ததை இங்கே எழுதுகிறேன். விவகாரம் இன்னும் முடியாததால் பட்டறையின் பெயரைச் சொல்லவில்லை. தவிரவும், இந்த வேலையை இப்படியே செய்யும் இடங்கள் ஒன்றிரண்டு அல்ல என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

வண்டி 2013ஆம் ஆண்டு பொலிரோ. சித்திரைக் கடைசியில், நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் ஏசியுடன் நின்றுகொண்டிருந்தபோது பானட்டுக்குள்ளிருந்து ஆவி கிளம்பியது. ரேடியேட்டரின் மேல் தொட்டியில் விரிசல் விட்டிருந்தது. அதில் பட்டறையின் குற்றம் ஏதுமில்லை, குற்றம் என்னுடையது. எங்கள் வீடு திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே இருக்கிறது. அங்கே போர் தண்ணீரைக் குடத்தில் ஒரு வாரம் வைத்திருந்தால் உட்புறத்தில் வெள்ளை வளையம் விழுந்துவிடும். அந்தத் தண்ணீரைத்தான் ஐந்தாறு ஆண்டுகளாகக் குறையும்போதெல்லாம் ரேடியேட்டரில் ஊற்றி வந்தேன். உப்புத் தண்ணீர் சூடேறும்போது அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து பிரிந்து, எஞ்சினில் எந்த இடம் அதிகம் சுடுகிறதோ அங்கேயே பொறுக்காகப் படிகிறது. குளோரைடு அலுமினியத்தை அரிக்கிறது. வார்ப்பிரும்பு பிளாக்கில் துரு பிடிக்கிறது. எனவே பழைய ரேடியேட்டரைக் கழற்றி எறிந்துவிட்டால் அழுக்கும் அதோடு போய்விட்டது என்று நினைப்பது தவறு. அழுக்கில் பெரும்பகுதி எஞ்சின் பிளாக்கிலும் ஹீட்டர் குழாய்களிலும் தங்கியிருக்கிறது. புது ரேடியேட்டரை மாட்டி எஞ்சினை ஓட்டினால் அது கிளம்பி வந்து புதியதன் மெல்லிய குழாய்களை அடைக்கும்.

இதைப் பட்டறைக்காரரே எனக்கு விளக்கினார் என்பதைச் சொல்லியாக வேண்டும். "ஃபிளஷிங் பண்ணாம புது ரேடியேட்டர் போட்டா மூணு மாசத்துல அடைச்சிக்கும் சார்" என்று அவர் சொன்னதை நம்பித்தான் சம்மதித்தேன். பில்லில் ரேடியேட்டர் 7,800, ஃபிளஷிங் 1,200, கூலன்ட் (எஞ்சின் சூட்டைத் தணிக்கும் திரவம்) 5 லிட்டர் 1,750, கூலி 1,500, ஆக மொத்தம் 12,250 ரூபாய். காலை பத்து மணிக்கு வண்டியை விட்டேன். பன்னிரண்டரைக்கு வேலை முடிந்ததாக அழைப்பு வந்தது. எஞ்சினைச் சூடேற்றி, ஆறவிட்டு, வடித்து, மறுபடி நிரப்பிச் சூடேற்றும் ஒரு வேலை, ரேடியேட்டர் மாற்றும் வேலையோடு சேர்ந்து இரண்டரை மணி நேரத்தில் எப்படி முடியும் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். வேகமாக முடித்தார்களே என்று மகிழ்ந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அவர் சொன்ன மூன்று மாதக் கணக்கு மட்டும் பொய்க்கவில்லை. ஆடியில் யூரியா மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வரும்போது, அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் டெம்பரேச்சர் முள் மேலே ஏறியது; வேகத்தைக் குறைத்தால் இறங்கியது. பட்டறைக்குப் போனேன். "கேட்டுல நிப்பாட்டியிருப்பீங்க, அந்தச் சூடுதான்" என்றார்கள். ஓடும்போது ஏறுகிறது என்று சொன்னதற்கு, எஞ்சின் சூடான பிறகே தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று யோசனை சொன்னார்கள். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் உரிய சூட்டுக்கு வர நேரமாகும், டீசலும் கூடுதலாகக் குடிக்கும். நோயை விட்டுவிட்டுத் தெர்மாமீட்டரை உடைக்கச் சொல்வது போன்ற யோசனை அது.

மன்னார்குடியில், அம்பாசடர் காலத்திலிருந்து ரேடியேட்டர் வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் வண்டியைக் காட்டினேன். நின்றால் ஏறி, ஓடினால் இறங்குவது ஃபேன் கோளாறு. ஓடினால் ஏறுவது அடைப்பு என்று முதல் வார்த்தையிலேயே சொன்னார். பிறகு டார்ச்சை என் கையில் கொடுத்து என்னையே பார்க்கச் சொன்னார். தெர்மோஸ்டாட் மூடியின் இரண்டு போல்ட்டுகளிலும் ஆயிலோடு இறுகிப்போன பழைய புழுதி கலையாமல் இருந்தது. ஸ்பேனர் பட்டிருந்தால் முனைகளில் இரும்பு பளிச்சென்று தெரிந்திருக்கும். எஞ்சின் பிளாக்கின் வடிகால் போல்ட் துருவோடு ஒட்டிக் கிடந்தது. தெர்மோஸ்டாட் ஏறத்தாழ 80 டிகிரிக்கு மேல்தான் திறக்கும். எஞ்சின் ஆறியிருக்கையில் அதைக் கழற்றாமல் ஹோஸ் பைப்பை வைத்துத் தண்ணீர் அடித்தால் ரேடியேட்டர்தான் நனையும், பிளாக்கில் முறையாக ஓட்டம் இருக்காது. அதைக்கூடச் செய்தார்களா என்பதே சந்தேகம். ஐந்து லிட்டர் கூலன்ட் என்று பில் போட்டிருந்ததை ஒரு சொட்டு எடுத்துக் கருவியில் வைத்துப் பார்த்தார். சாயம் போட்ட தண்ணீர் என்றே சொல்லலாம்.

ரேடியேட்டரைக் கழற்றி, விளிம்பின் மடிப்புகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, பிளாஸ்டிக் தொட்டியைத் தூக்கினார். மூன்று மாதமே ஆன ரேடியேட்டர். பாதிக்கு மேற்பட்ட குழாய்களின் வாயில், வரப்பில் நண்டு வளையைச் சேறு வைத்து அடைத்தாற்போல, செங்காவிக் குழம்பு இறுகியிருந்தது. அதன் நடுவே முட்டை ஓட்டுத் துண்டுகள் போல வெள்ளைச் செதில்கள். ஒன்றை நகத்தால் நெம்பி எடுத்தேன், அழுத்தியதும் நொறுங்கியது. "ஆத்துல வண்டல் படிஞ்சா நெல்லு விளையும் தம்பி, இதுல படிஞ்சா செலவுதான் விளையும்" என்றார். அந்தக் காலத்துப் பித்தளை ரேடியேட்டராக இருந்தால் தட்டைக் கம்பி விட்டுக் குத்தி எடுத்துப் பற்ற வைத்துவிடலாமாம். இந்த அலுமினியக் குழாய் அதைத் தாங்காது என்றார். இன்னொன்று வாங்க வேண்டியதாயிற்று.

அவர் வேலை பார்த்த ஒன்றரை நாளும் பக்கத்தில் இருந்தேன். தெர்மோஸ்டாட்டையும் பிளாக் போல்ட்டையும் கழற்றினார். புதியதை மாட்டாமல், பழைய ரேடியேட்டர் ஒன்றைத் தற்காலிகமாக மாட்டி, கழுவும் மருந்து ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து எஞ்சினை ஓட்டினார். ஆறவிட்டு வடித்தபோது வந்தது கேழ்வரகுக் கூழின் நிறத்தில் இருந்தது. பிறகு வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் தண்ணீர் செலுத்தி, தெளிவாக வரும்வரை நான்கு முறை கழுவினார். கடைசியாக டிஸ்டில்டு வாட்டர். வடித்தவற்றை டிரம்மில் பிடித்து மூடி வைத்தார். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் நஞ்சு. ஆடு மாடு குடித்தால் உயிருக்கே ஆபத்து. முதல் பட்டறையின் பின்புறம் வாய்க்காலை நோக்கிப் பச்சைக் கறை இறங்கியிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பலருக்கும் தெரியாத ஒரு செய்தியை அவரிடம் கற்றேன். எவ்வளவு வடித்தாலும் கழுவிய தண்ணீர் கொஞ்சம் பிளாக்கிலும் ஹீட்டரிலும் தங்கிவிடும். அதன்மேல் ஏற்கெனவே பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து விற்கும் கூலன்ட்டை ஊற்றினால் கலவை மேலும் நீர்த்துப்போகும். ஆகவே செறிவு கூலன்ட்டை வாங்கி, கையேட்டில் உள்ள மொத்தக் கொள்ளளவில் சரிபாதியை முதலில் ஊற்றி, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்ப வேண்டும். பச்சை, சிவப்பு என்ற நிறத்தை நம்பி வெவ்வேறு வகைகளைக் கலக்கவும் கூடாது. நிறம் வெறும் சாயம், உள்ளிருக்கும் மருந்துகள் ஒத்துப்போகாவிட்டால் கூழாகத் திரியும்.

உங்கள் வண்டியைக் கொடுக்கும்போது, தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவீர்களா என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் தடுமாறினால் வண்டியைத் திருப்புங்கள். கூலன்ட் கேனின் சீலை உங்கள் முன் உடைக்கச் சொல்லுங்கள், காலிக் கேனை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். போல்ட்டுகளை வேலைக்கு முன்னும் பின்னும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வதால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. கோபித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

பட்டறையிடம் படங்களைக் காட்டியபோது 1,200 ரூபாயை மட்டும் தருவதாகச் சொன்னார்கள். வீணான ரேடியேட்டருக்கும் சேர்த்துக் கேட்டு, பில்லின் நகலோடு பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பியிருக்கிறேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் முதலில் பேசியும் பார்க்கலாம். திறந்த ரேடியேட்டரைக் கழுவாமல் அப்படியே சாக்கில் சுற்றி மாட்டுக்கொட்டகைப் பரணில் வைத்திருக்கிறேன். கடிதம் சேர்ந்ததற்கான ஒப்புகை அட்டை வந்துவிட்டது, பதில் வரவில்லை.