ஸ்வீட் பீ விதை ஆன்லைனில் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

ஒரு பெரிய ஆன்லைன் தளத்தில், ரேட்டிங் நான்குக்கு மேல் இருக்கும் ஒரு விதைக் கடையில் ஸ்வீட் பீ என்ற பூக்கொடியின் விதை இரண்டு பாக்கெட் வாங்கினேன். ஒன்றில் இருந்தது சங்குப்பூ விதை. இன்னொன்றில் சமையலுக்குப் போடும் பட்டாணி. ஸ்வீட் பீ என்று சொல்ல ஒரே ஒரு விதைகூட இல்லை. கடையின் பெயரை எழுதவில்லை. புகார் இன்னும் முடியவில்லை என்பது ஒன்று. பெயரைச் சொன்னாலும் உங்களுக்கு உதவாது என்பது இன்னொன்று; காரணம் பின்னால் வரும்.

எனக்கு வீடு குன்னூரில். மே மாத சீசனுக்கு வேலியோரம் ஸ்வீட் பீ பூத்து நிற்க வேண்டுமானால் ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ விதை மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். விதைத்து ஏறக்குறைய மூன்று மாதம் கழித்துத்தான் பூ. வெயில் ஏற ஏற இந்தக் கொடி சோர்ந்துவிடும். கீழே கோவை, பெங்களூரு பக்கம் உள்ளவர்கள் அக்டோபர், நவம்பரில் போட்டுக் குளிர் விடுவதற்குள் பூ பார்த்துக்கொள்வதும் அதனால்தான். ஆக, எங்கே இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு வாய்ப்பு. தப்பு விதை வந்தால் போவது பணம் மட்டுமில்லை, அந்த வருஷமே போச்சு. விற்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

அந்தக் கடையின் விளம்பரத்தில் என்ன எழுதியிருந்தது என்று பாருங்கள். "இமயமலையின் அரிய வகை. மஞ்சள் உட்பட 12 நிறங்கள். அழகுக்கு அழகு, காயைச் சமைக்கவும் செய்யலாம்." மூன்றுமே பொய். ஸ்வீட் பீயின் பூர்வீகம் இத்தாலியின் தென்பகுதியும் சிசிலித் தீவும். 1699-ல் கூப்பானி என்ற துறவி சிசிலியிலிருந்து இங்கிலாந்துக்கு விதை அனுப்பிவைத்தார் என்பது இந்தப் பூவின் சரித்திரத்தில் முதல் வரி. இமயமலை எங்கிருந்து வந்தது? அடுத்து மஞ்சள். நூறு வருஷத்துக்கு மேலாக முயன்றும் ஸ்வீட் பீயில் அசல் மஞ்சளை யாராலும் கொண்டுவர முடியவில்லை. வெளிர் கிரீம் நிறம் உண்டு, அவ்வளவுதான். முட்டை மஞ்சள் நிறத்தில் ஸ்வீட் பீ படம் போட்டிருந்தால் அது கம்ப்யூட்டரில் பூத்தது.

மூன்றாவது பொய்தான் ஆபத்தானது. ஸ்வீட் பீயின் காயையும் விதையையும் சாப்பிடவே கூடாது, அதில் நச்சு இருக்கிறது. எலும்பையும் இணைப்புத் திசுக்களையும் அது கெடுக்கும் என்று விலங்குகளில் சோதித்தே கண்டிருக்கிறார்கள். பார்க்கக் குட்டிப் பட்டாணிக்காய் போலவே இருப்பதால் குழந்தைகள் பறித்து வாயில் போட்டுக்கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு. "சமைக்கலாம்" என்று எழுதி விற்கிற ஆளிடம் வேறு எதைத்தான் நம்புவது?

பாக்கெட் வந்தபோது வெளியே பளபள அட்டை, உள்ளே சின்ன ஜிப் கவர். பத்து விதை, 249 ரூபாய். எல்லா விதை மேலும் ரோஸ் கலரில் மருந்துப் பூச்சு. தொட்டால் விரலில் ஒட்டியது. பூஞ்சாணம் வராமல் விதைக்கு மருந்து கலப்பது வழக்கம்தான். ஆனால் அந்தப் பூச்சுக்கு அடியில் விதையின் நிறமும் தோலும் மறைந்துபோகிறது. அட்டையைத் திருப்பிப் பார்த்தால் எந்தத் தொகுப்பு விதை என்று காட்டும் லாட் எண் இல்லை, பரிசோதனைத் தேதி இல்லை, முளைப்புத்திறன் சதவீதம் இல்லை, மருந்து கலந்தது என்ற எச்சரிக்கைகூட இல்லை. ஒரு பாக்கெட்டில் விதை தட்டையாக, நீள்வட்டமாக இருந்தது. உடனே கடைக்கு மெசேஜ் போட்டேன்.

"வெரைட்டிக்கு வெரைட்டி விதை மாறும் மேடம். போட்டுப் பாருங்க."

சரி என்று ஒவ்வொரு பாக்கெட்டிலும் பாதியை விதைத்தேன், மீதியைக் கவரோடு அலமாரியில் வைத்தேன். பிறகு புகார் கொடுக்கும்போது கைகொடுத்தது அந்த மீதிதான்.

இனி இந்த வியாபாரத்தின் சூட்சுமம். திருப்பி அனுப்ப அவர்கள் தரும் கெடு 7 நாள். ஸ்வீட் பீ முளைக்கவே பத்து நாளிலிருந்து மூன்று வாரம் வரை பிடிக்கும். முளைத்த பிறகும் இரண்டு மூன்று இலை விட்டால்தான் என்ன செடி என்று அடையாளம் தெரியும். அதற்குள் கெடு எப்போதோ முடிந்திருக்கும். நடுவில் கேட்டால் விதவிதமாகப் பதில் வரும். "மலை கிளைமேட்டுக்கு லேட்டாதான் வரும் மேடம்." "கோகோபீட் போட்டீங்களா? தண்ணி ஜாஸ்தி விட்டிருப்பீங்க." செடியைப் படமெடுத்து அனுப்பியதும், "பூத்தா தெரிஞ்சிடும், வெயிட் பண்ணுங்க." அதோடு பேச்சு நின்றுவிட்டது.

பூக்கும்வரை காத்திருக்க வேண்டியதே இல்லை. பக்கத்து வீட்டுக்கு வேலைக்கு வரும் தோட்டக்கார அண்ணன், எஸ்டேட் பங்களாக்களில் வருஷக்கணக்காகப் பூச்செடி பார்த்தவர், வேலிக்கு அந்தப்புறம் நின்றே சொல்லிவிட்டார்: "இது கம்பியே விடலையேம்மா. ஸ்வீட் பீக்கு இலை நுனியில கம்பி வரணும்."

அவர் காட்டித் தந்ததை அப்படியே எழுதுகிறேன். ஸ்வீட் பீயில் ஒரு காம்புக்கு ஒரே ஒரு ஜோடி இலை. அதன் நுனியில் கிளைவிட்ட பற்றுக்கம்பி. தண்டை விரலால் உருட்டிப் பாருங்கள், உருளாது. இரண்டு பக்கமும் பட்டையாக விளிம்பு ஓடும், லேசாகச் சொரசொரக்கும். காய்கறிப் பட்டாணிக்கும் பற்றுக்கம்பி உண்டு. ஆனால் அதன் தண்டு வழவழவென்று இருக்கும், காம்பு கிளம்பும் இடத்தில் தண்டைக் கட்டிக்கொண்டு இரண்டு பெரிய இலைகள் நிற்கும். சங்குப்பூவுக்குக் கம்பியே கிடையாது. தண்டுதான் குச்சியைச் சுற்றி ஏறும், ஒரு காம்பில் ஐந்து, ஏழு என்று இலை வரும். என் சங்குப்பூச் செடிகள் குன்னூர் குளிரில் விரல் உயரத்துக்கு மேல் வளராமல் நிற்கின்றன. அவை வெயில் கேட்கும் செடி, பாவம்.

விதையாக இருக்கும்போதே கண்டுபிடிக்கவும் வழி உண்டு. மருந்துப் பூச்சு இருந்தால் கையுறை போட்டுக்கொண்டு, ஈரத்துணியில் ஒரு விதையைத் துடைத்துப் பாருங்கள். ஸ்வீட் பீ விதை உருண்டையாக, மிளகைவிடச் சற்றே பெரிதாக, பெரும்பாலும் கரும்பழுப்பிலோ கறுப்பிலோ இருக்கும். பச்சை வெளுத்துச் சுருங்கியிருந்தால் பட்டாணி. தட்டையாக நீண்டிருந்தால் சங்குப்பூ. 7 நாள் கெடுவுக்குள் செய்யக்கூடிய ஒரே சோதனை இதுதான், பார்சல் வந்த அன்றே செய்துவிடுங்கள். பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். லாட் எண்ணும் பரிசோதனைத் தேதியும் இல்லாத பாக்கெட்டை அங்கேயே திருப்பி அனுப்புங்கள். ஒழுங்கான கம்பெனிகள் பூ விதைக்கும் இதையெல்லாம் அச்சிடுகின்றன.

புகார் விஷயம். கடைக்காரரோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம், நேரே தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று அவர் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நான் எழுதிய பிறகுதான் அசைந்தார்கள். சங்குப்பூ பாக்கெட்டுக்குப் பணம் திரும்ப வந்தது, கூரியர் கட்டணம் வரவில்லை. பட்டாணி பாக்கெட்டுக்கு மட்டும் "கெடு முடிந்துவிட்டது" என்று கைவிரித்துவிட்டார்கள். இரண்டும் ஒரே ஆர்டர், ஒரே தேதி! எந்தக் கணக்கில் ஒன்றுக்குக் கெடு முடிந்து இன்னொன்றுக்கு முடியவில்லை என்று கேட்டேன், பதில் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்திருக்கிறேன்.

இதற்கிடையில் அந்தக் கடை தளத்திலிருந்து மறைந்துவிட்டது. அதே 12 நிறப் படமும் அதே வாசகமும், எழுத்துப்பிழை உட்பட, இப்போது வேறொரு பெயரில் இருக்கின்றன. அதனால்தான் பெயர் சொல்லிப் பயனில்லை என்றேன். ரேட்டிங்கைப் பார்க்காதீர்கள், பார்சல் வந்த அன்றே நட்சத்திரம் போட்டவர்கள்தான் அதில் முக்கால்வாசி. பூத்த பிறகு செடியின் படத்தோடு யாராவது எழுதியிருக்கிறார்களா என்று மட்டும் தேடுங்கள்.

1915-லிருந்து பதில் வந்தால் இதிலேயே சேர்த்து எழுதுகிறேன்.